அக்கா காய்ச்சிய பியர்

அக்காவுக்கு யாராவது ஒரு தீங்கு செய்து, அதை அவர் மறந்துபோனதாக நான் ஒருநாளும் காணவில்லை. மறக்காத ஆட்கள் உலகத்தில் நிறைய. சத்தம் போடுவார்கள், ஊரைக் கூட்டுவார்கள், கோயிலில் போய் முறையிடுவார்கள், பிறகு மெல்ல ஆறிப்போவார்கள். அக்கா ஆறுவதில்லை. சத்தமும் போடுவதில்லை. தனக்கு வந்ததை, அனுப்பிய ஆளிடமே பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். எத்தனை மாதம் ஆனாலும் சரி.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் சுவிட்சர்லாந்தில், இன்டர்லாக்கன் என்ற ஊரில் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு அறையில் நானும் என் கணவரும், மற்ற அறையில் அக்காவும் அத்தானும். குசினி இரண்டு குடும்பத்துக்கும் பொது. சொந்தபந்தம் ஒன்றும் இல்லை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர் என்பதால் அவர் அக்கா; அக்காவின் கணவர் என்பதால் அவர் அத்தான். அக்காவும் நானும் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்தோம். அதே ஹோட்டலின் குசினியில் அத்தான் காய்கறி வெட்டினார், பாத்திரம் கழுவினார்.

அக்கா மெலிந்த ஆள். குரல் இன்னும் மெலிவு. அவர் கதைத்தால் நாங்கள்தான் கிட்டப் போய்க் குனிந்து கேட்கவேண்டும். சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்குள்ளும் அவர் குரலை உயர்த்தியது கிடையாது. கேளாவிட்டால் விட்டுவிடுவார். பிறகு நாங்கள் போய், "என்னக்கா சொன்னனீங்கள்?" என்று கெஞ்சவேண்டும்.

எங்களுக்குக் கீழ் வீட்டில் ஒரு சுவிஸ்காரி தனியாக இருந்தார். நாங்கள் குடிவந்த புதிதில், கறி மணத்தில் படியேற முடியவில்லை என்று கட்டடம் பார்க்கிறவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் வந்து எங்கள் குசினியில் நின்று, மூக்கைப் பொத்திக் காட்டி, கையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அடுப்பில் இருந்தது வெறும் பருப்பு. அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் தாளித்தோம். எங்கள் கண் எரிந்தது.

அடுத்த வருடம் அக்கா அதே அடுப்பில் பியர் காய்ச்சத் தொடங்கியபோது, சுடச்சுட மால்ட் வாசம் படிகளில் இறங்கியது. பேக்கரி வாசலில் நிற்பதுபோன்ற வாசம். கீழ் வீட்டு மனுசி படியில் நின்று மூக்கை உயர்த்துவதை நானே கண்டேன். அக்கா எதிர் வீட்டுக்காரருக்கு இரண்டு போத்தல் கொடுத்தார். மேல் வீட்டுத் தபால்காரருக்கு இரண்டு. மூக்கைப் பொத்திக் காட்டிய அந்தக் கட்டடம் பார்க்கிறவருக்கும்கூட இரண்டு. கீழ் வீட்டுக்கு மட்டும் இல்லை. கடைசியில் அந்த மனுசி தானே ஏறி வந்து கதவைத் தட்டினார். "என்ன இவ்வளவு நல்ல மணம்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார்.

அக்கா கதவைப் பாதி திறந்து, "கறி," என்றார். சாத்திவிட்டார்.

எனக்கு அன்று முழுக்க அந்த ஒரு சொல் வாய்க்குள் இனித்துக்கொண்டே இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத ஒரு மனுசி பியர் காய்ச்சப் பழகியது சலவைக்கூடத்தில்தான். எங்களோடு இஸ்திரி போடும் ஒரு சுவிஸ்காரி இருந்தாள். கன்னம் எப்போதும் செக்கச் செவேலென்று இருக்கும், அதனால் எங்களுக்குள் அவள் பெயர் சிவப்பி. அவளுடைய வீட்டு ஆண்கள் எல்லாரும் பியர் ஆலையில் வேலை செய்தவர்கள். புருசனை விட்டுவிட்டு வந்தபோது அவனுடைய பெரிய அலுமினியப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடையில் விற்பது பானை கழுவின தண்ணீர் என்பாள். தனக்கு வேண்டியதைத் தானே காய்ச்சிக்கொள்வாள். மால்ட் அவளுடைய அண்ணன் மூலம் வரும்.

அக்கா அவளிடம் கேட்டுப் பழகினார். முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லிதான் மால்ட். அதைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு வடித்தால் இனிப்பான மண்ணிறச் சாறு வரும். அதை ஒரு மணித்தியாலமாவது கொதிக்கவைத்து, இடையில் ஹொப்ஸ் என்ற காய்ந்த பச்சைப் பூவைப் போடவேண்டும். நித்திரை வராதவர்கள் தேத்தண்ணி போட்டுக் குடிக்கவென்று அங்கே மருந்துக்கடைகளில் அந்தப் பூ விற்பார்கள். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் போட்டு மூடிவைத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். இவ்வளவும் யாரும் செய்யலாம். கொதிக்கவைப்பதில்தான் எல்லாரும் பிழைவிடுவார்கள் என்று சிவப்பி சொன்னாள்.

எங்கள் அடுப்பு இரும்புத் தட்டு வைத்த பழைய மின்னடுப்பு. கூட்டினால் சூடேறக் கனநேரம் எடுக்கும். குறைத்தால் ஆற அதைவிடக் கனநேரம். சாறு பொங்கி வரும்போது சுவிட்சைத் திருப்பி ஒரு பயனும் இல்லை, இரும்பு தன்பாட்டில் சுட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அக்கா பானையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். விளிம்பில் நுரை சேர்ந்து, பஞ்சுபோல ஊதத் தொடங்குவதற்குச் சற்று முன்னரே சூட்டைக் குறைப்பார். குறைத்த கையோடு பானையைத் தன்பக்கம் இழுத்து, அடிப்பாகம் பாதி தட்டிலும் பாதி வெளியிலுமாக வைப்பார். ஒரு பக்கம் கொதித்து எழும், மறுபக்கம் அமுங்கும், சாறு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரண்டுகொண்டே இருக்கும். அப்படியும் நுரை ஏறினால், குளிர்தண்ணீரை விரலால் தெளிப்பார். முதல் நுரை ஒருதரம் விழுந்துவிட்டால் பிறகு பயமில்லை, பானையை மறுபடி தட்டுக்கு நேரே தள்ளுவார். பூவையும் ஒரு பிடியாகப் போடமாட்டார். கிள்ளிக் கிள்ளிப் போடுவார். பூ விழுந்தவுடன் சாறு துள்ளும்.

முதல்தரம் நான் இதைப் பார்த்தபோது கேட்டேன். "என்னக்கா இது, ஒரு மூடியைப் போட்டுச் சின்னச் சூட்டிலை விட்டால் என்ன? கொஞ்சம் இருக்கலாமே."

"மூடி போட்டால் முட்டைக்கோவா அவிச்ச மாதிரி நாறும். அந்த நாத்தம் ஆவியோடை வெளியிலை போகவேணும்."

"அப்ப மூடியில்லாமல் சின்னச் சூட்டிலை?"

"சும்மா நடுங்கிக்கொண்டு நிண்டால் போகாது. புரளவேணும். ஆனால் பாய விடக்கூடாது."

"பொங்கிப் பாய்ஞ்சால் என்ன? எங்கடை ஊரிலை கும்பிடுவம்."

"இஞ்சை துடைக்கவேணும்," என்றார் அக்கா.

அந்த ஒரு மணித்தியாலமும் அக்கா பானையை விட்டு நகரமாட்டார். சிவப்பி போன முறை காய்ச்சியதில் ஒரு கிளாசை ஊற்றிக்கொண்டு மேசையில் இருந்து கதைத்துக்கொண்டேயிருப்பாள். புருசன் கதை, ஹோட்டல் கதை, பனி கதை. அக்காவுக்கு எங்கும் போகமுடியாது; கேட்டுக்கொண்டு நிற்பார். அப்படித்தான் அவருக்கு அந்த ஊர் மொழி வந்தது. வகுப்புக்குப் போன நான் இன்னும் "எனக்கு வேண்டும், எனக்கு வேண்டாம்" என்று நின்றபோது, அக்கா அடுப்படியில் நின்று சிவப்பியோடு வாதாடினார். அத்தானுக்கு இது ஒன்றும் தெரியாது. பியர் காய்ச்சுகிற நாட்களில் குசினி வெக்கை தாங்காது என்று அவர் வெளியே போய்விடுவார். பானை இறங்கிய பிறகுதான் வருவார்.

ஏன் இந்தப் பாடு என்று யாரும் கேட்டால் அக்கா, "அவருக்கு விருப்பம்," என்பார். உண்மை அதுவல்ல. அக்கா அடுப்பில் பியர்ப் பானையை ஏற்றியது அவருடைய தம்பியால்.

தம்பி அக்காவோடு கூடப்பிறந்த ஒரே ஆள். எங்களுக்குப் பின்னால் வந்து, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, அத்தான் வேலை செய்த அதே குசினியில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் வீட்டு நடையில் மெத்தை போட்டுப் படுப்பான். மொழி அவனுக்கு மளமளவென்று ஏறியது. குசினித் தலைவரை எல்லாரும் ஷெஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஷெஃப்புக்கு அவனில் நல்ல விருப்பம், சமைக்கப் பழக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வருட இலையுதிர்காலத்தில், உல்லாசப் பயணிகள் குறைந்து ஹோட்டலை மூடும் நேரம், நிலவறையில் பியர் போத்தல்கள் குறைவதைக் கண்டுபிடித்தார்கள். எடுத்தது அத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைப்பார். ஷெஃப் தந்தவர் என்று சொல்வார், நாங்களும் நம்பினோம். ஷெஃப் கூப்பிட்டு விசாரித்தபோது அத்தான் பயந்துபோனார். பயத்தில், மச்சான்தான் எடுக்கிறவன், வேண்டுமானால் என்ரை மனுசியைக் கேளுங்கள், அவனுடைய கூடப்பிறந்தவள், அவளே சொல்லுவாள் என்று சொல்லிவிட்டார்.

அக்காவைச் சலவைக்கூடத்திலிருந்து மேலே கூப்பிட்டார்கள். ஈரக்கையோடு போனார். ஷெஃப்பும் அத்தானும் தம்பியும் நின்றார்கள். அக்கா நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "யா" என்றால் ஓம், "நைன்" என்றால் இல்லை, இந்த இரண்டுதான் தெரியும். ஷெஃப் அவரைப் பார்த்து ஏதோ கேட்டார். அத்தான் தமிழில் சொன்னார்: "தம்பி குடிக்கிறவனோ எண்டு கேக்கிறார்."

அக்கா யோசித்தார். தம்பி எப்போதாவது ஒரு கிளாஸ் குடிப்பதுண்டு. பொய் சொல்லக் கூடாது என்று நினைத்து, "யா," என்று தலையை ஆட்டினார்.

ஷெஃப் கேட்டது அதுவல்ல. எங்கள் ஹோட்டல் போத்தல்களை உன் தம்பியின் மெத்தைக்குக் கீழே கண்டாயா என்றுதான் கேட்டிருக்கிறார்.

தம்பிக்கு மொழி விளங்கும். ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அத்தான் சொன்னது அவன் காதில் விழவில்லை. அத்தான் அக்காவின் காதோடுதான் சொல்லியிருக்கிறார். தன் அக்கா தன்னைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியதை மட்டும் அவன் கண்டான். அன்றே வேலை போய்விட்டது. களவுக்காக நிறுத்தப்பட்டவனை விண்ணப்பம் விசாரிக்கிறவர்கள் என்ன செய்வார்களோ என்ற பயமும் அவனைப் பிடித்துக்கொண்டது.

அவன் பையை அடுக்கும்போது நான் வீட்டில் இருந்தேன். அக்கா ஓடிவந்து அவனுடைய கையைப் பிடித்தார்.

"எங்கையடா போறாய்? என்ன நடந்தது?"

"நீயே சொல்லிப்போட்டு என்னைக் கேக்கிறாய்."

"நான் என்னத்தைச் சொன்னன்? நீ எப்பவாவது குடிப்பாய் எண்டுதானே சொன்னன்."

தம்பி அவரை நிமிர்ந்து பார்த்தான். அக்கா நடிக்கிறார் என்று அவன் நினைத்தது அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. "போதும் அக்கா," என்றான். பிரான்சுக்குப் போகும் யாரோ சிலரோடு போய்விட்டான். போன இடத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்த கிழமை சிவப்பிதான் சைகையிலும் பாதிச் சொல்லிலுமாக அக்காவுக்கு விளங்கப்படுத்தினாள். உன் தம்பியின் மெத்தை, கீழே, போத்தல், நீ கண்டாய், நீ சொன்னாய். அக்கா இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். பிறகு இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகளை எடுத்து மடித்தார். அன்று பின்னேரம் அத்தானுக்கு ரொட்டியும் சம்பலும் வைத்தார். பக்கத்தில் நின்று, "உறைப்புக் காணுமோ?" என்று கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தான் வெளியே போனதும் சொன்னேன். "அக்கா, நேரை கேளுங்கோவன். ஏன் இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேளுங்கோ."

"கேட்டால் அழுவார்."

"அழட்டுமே."

"அழுதால் முடிஞ்சுபோம்," என்றார் அக்கா. "முடிய விடமாட்டன்."

அந்தக் குளிர்காலத்தில்தான் சிவப்பியின் பானை எங்கள் வீட்டுக்கு வந்தது. நிலவறைக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்று அத்தான் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். அக்கா காய்ச்சிக் கொடுத்தார். அத்தான் முதல் கிளாசைக் குடித்துவிட்டு, "எடியப்பா, உனக்கு இவ்வளவு கெட்டித்தனம் எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. தன் மனுசிக்கு ஒன்றும் தெரியாது, தன்னில் அவளுக்கு எவ்வளவு பட்சம் என்று நினைத்திருப்பார்.

ஹோட்டல் மறுபடி திறந்ததும் அக்கா போத்தல்களை அவரிடமே கொடுத்து வேலைக்கு அனுப்பத் தொடங்கினார். "ஷெஃப்புக்கும் ஒண்டு குடுங்கோ." குடித்துப் பார்த்த ஷெஃப், யார் காய்ச்சியது என்று கேட்டிருக்கிறார். அத்தான், "நான்தான்," என்று சொல்லிவிட்டார். சிவப்பி இதைக் கேட்டு வந்து கொதித்தாள். அக்கா கொதிக்கவில்லை. அந்த வாரம் இன்னும் நல்லதாகப் பார்த்து நாலு போத்தல் அனுப்பினார்.

இப்படியே கோடைகாலமும் போனது. அத்தானுக்கு ஹோட்டலில் மதிப்புக் கூடியது. வெள்ளைக்காரச் சமையல்காரர்கள் அவரை முதுகில் தட்டிக் கூப்பிட்டார்கள். பாத்திரம் கழுவுவதிலிருந்து எடுத்து, சமையல் பக்கம் விடுவதாக ஷெஃப் சொன்னார். தம்பிக்குச் சொன்ன அதே இடம். அத்தான் அதை வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "நல்லது," என்றார்.

மறுபடி இலையுதிர்காலம் வந்தது. ஹோட்டலை மூடுவதற்கு முன் வேலைக்காரர்களுக்கு ஒரு விருந்து வைப்பார்கள். ஷெஃப் அத்தானிடம், விருந்துப் பியரை ஹோட்டல் குசினியிலேயே எல்லாரும் பார்க்கக் காய்ச்சு, நானும் பழகவேண்டும் என்றார். அத்தானால் மாட்டேன் என்று சொல்லமுடியவில்லை. வீட்டுக்கு வந்து, அக்காவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படிக் காய்ச்சுவது என்று சொல்லித்தா என்றார்.

அக்கா எல்லாம் சொன்னார். எவ்வளவு மால்ட், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் ஊறவேண்டும், எப்படி வடிக்கவேண்டும். ஒன்றும் மறைக்கவில்லை. நான் மேசையின் மறுபக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"கொதிக்கவைக்கிறது?" என்று அத்தான் கேட்டார்.

"அதிலை ஒண்டுமில்லை. மூடியை இறுக்கிப் போடுங்கோ. சூடு வெளியிலை போகக்கூடாது."

நான் கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"நெருப்பு?"

"உள்ளது முழுக்க. ஹோட்டல் அடுப்பு காஸ்தானே, டக்கெண்டு கொதிக்கும். பூவை ஒரேயடியாக் கொட்டி மூடிப்போட்டு, அங்காலை தள்ளிப்போய் நில்லுங்கோ. பானையைப் பார்த்துக்கொண்டு நிண்டால், உங்களுக்கு வேலை தெரியாதெண்டு ஷெஃப் நினைப்பார்."

அத்தான் தலையாட்டினார். அவர் எழுந்துபோன பிறகு, "அக்கா, ஆருக்கும் சுட்டுப்போடும்," என்றேன்.

"தள்ளி நிக்கச் சொன்னனான்தானே," என்றார்.

அத்தான் ஹோட்டலில் காய்ச்சிய அன்று நாங்கள் கீழே விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். முதலில் மேலே யாரோ கத்தினார்கள். பிறகு சீனி கருகிய மணம் படியால் இறங்கியது. சற்று நேரத்தில் பாத்திரம் கழுவும் போர்த்துக்கீசன் இறங்கி வந்து, ஷெஃப் கூப்பிடுகிறார் என்று அக்காவைக் காட்டினான். அக்கா கையைத் துடைத்தார். என்னைப் பார்த்து, "நீயும் வா. போன முறை நான் தனியப் போனனான்," என்றார்.

குசினி இருந்த கோலத்தை நான் மறக்கமாட்டேன். பெரிய சூப்புப் பானை. மூடி நிலத்தில் கிடந்தது. மண்ணிற நுரை பானையின் எல்லாப் பக்கத்தாலும் வழிந்து, அடுப்பை அணைத்து, பக்கத்து அடுப்புகளில் இருந்த சாஸ் சட்டிகளையும் பாழாக்கி, கதவடி வரையில் ஓடியிருந்தது. பச்சைப் பூக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. கால் வைத்தால் சப்பாத்து ஒட்டியது. அத்தான் கடைசி நேரத்தில் ஓடிப்போய் மூடியைத் தூக்கியிருக்கிறார். வலது முழங்கைக்குக் கீழே வெந்துபோய், ஈரத்துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றார். சமையல்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். இராச்சாப்பாட்டுக்கு ஆயத்தம் செய்யவேண்டிய நேரம்.

ஷெஃப் ஏதோ கேட்டார். அத்தான் அக்காவின் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார்: "நீ குடுத்த மால்ட் பழுதோ எண்டு கேக்கிறார். ஓம் எண்டு சொல்லு. அவ்வளவும் காணும்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஷெஃப்பைப் பார்த்து அந்த ஊர் மொழியிலேயே கதைக்கத் தொடங்கினார். சிவப்பியின் இழுவை அப்படியே இருந்தது. குரல் வழக்கம்போல மெலிவு. அத்தனை ஆண்களும் கேட்பதற்காகக் கிட்ட வந்தார்கள்.

மால்ட் நல்லது என்றார். நெருப்புத்தான் பிழை. அந்தப் பிழையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இவருக்குப் பியர் காய்ச்சத் தெரியாது என்பதை நீங்கள் உங்கள் கண்ணாலேயே காணவேண்டும் என்பதற்காகச் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் இவ்வளவு நாளும் குடித்தது எல்லாம் நான் காய்ச்சியது.

அத்தான், "என்ன கதைக்கிறாய் நீ," என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"போன வருசம் இதே இடத்தில் நீங்கள் என்னை ஒரு கேள்வி கேட்டீர்கள்," என்று அக்கா தொடர்ந்தார். "எனக்கு உங்கள் மொழி தெரியாது. இவர் வேறொரு கேள்வியை எனக்குச் சொன்னார். நான் அதற்குத்தான் பதில் சொன்னேன். இப்போது எனக்கு மொழி தெரியும். அதே கேள்வியை இன்னொரு தரம் கேளுங்கள்."

ஷெஃப் பெரிய உருவம். சிவந்த முகம். சிறிது நேரம் அவருக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. பிறகு வந்துவிட்டது. அத்தானை ஒருமுறை பார்த்தார். அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்: "உன் தம்பியின் மெத்தைக்குக் கீழே எங்கள் போத்தல்களைக் கண்டாயா?"

"நைன்," என்றார் அக்கா. "இவருடைய அலுமாரியில் கண்டேன்."

அவ்வளவுதான். ஷெஃப் அத்தானிடம் ஏதும் சொல்வாரா என்று எல்லாரும் பார்த்தோம். அவர் ஒரு வாளியையும் சுரண்டும் கத்தியையும் காலால் அத்தான் பக்கம் தள்ளிவிட்டார். கருகிய சீனி கல்லுப்போல இறுகிவிடும், துடைத்தால் போகாது. அத்தான் வெந்த கையோடு முழங்காலில் இருந்து சுரண்டினார். அக்கா உதவிக்குக் குனியவில்லை. நானும் குனியவில்லை. சிவப்பி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்து நடந்தது. அதற்கு வேண்டிய பியரை அக்கா முன்னரே எங்கள் அடுப்பில் காய்ச்சி, போத்தலில் அடைத்து, சிவப்பியின் வீட்டில் வைத்திருந்தார். எல்லாரும் எழுந்து நின்று அவருக்காகக் குடித்தார்கள். அடுத்த பருவத்துக்கு அத்தானை வேலைக்கு எடுக்கவில்லை. உன் தம்பி வந்தால் அவனுடைய இடம் அவனுக்கு இருக்கிறது என்று ஷெஃப் அக்காவிடம் சொன்னார். ஆனால் தம்பி எங்கே என்று யாருக்குத் தெரியும்? அக்கா பானையைக் கழுவித் துடைத்துச் சிவப்பியிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு பியர் காய்ச்சவில்லை.

எல்லாம் அத்தோடு தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். அக்கா அத்தானின் கைப்புண்ணுக்குத் தினமும் மருந்து போட்டுக் கட்டினார். நோகாமல் கட்டுவார். அந்த நேரத்தில்தான் நான் முதலில் கவனித்தேன். "கையை நீட்டுங்கள்" என்று அவர் தமிழில் சொல்லவில்லை, அந்த ஊர் மொழியில் சொன்னார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் அந்த மொழியில். என்னோடு தமிழ், என் கணவரோடு தமிழ், கடையில் காணும் எங்கள் ஆட்களோடு தமிழ். அத்தானோடு மட்டும் இல்லை. அத்தான் தமிழில் பதில் சொன்னால் கேளாதவர்போல நிற்பார். அவர் தட்டுத்தடுமாறி அந்த மொழியில் சொன்ன பிறகுதான் நகர்வார்.

அந்த மொழியில் உறவுக்காரரை ஒரு மாதிரியும் அந்நியரை இன்னொரு மாதிரியும் கூப்பிடுவார்கள். புருசனை, பிள்ளையை, சினேகிதரை "டு" என்பார்கள். தெரியாத ஆளை "ஸீ" என்பார்கள். தமிழில் புருசனை நீங்கள் என்றால் மரியாதை. அங்கே புருசனை ஸீ என்றால், வழியில் போகிற யாரையோ கூப்பிடுவதுபோல. அக்கா அத்தானை "ஸீ" என்றுதான் கூப்பிட்டார். எங்கள் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்த மனிதர் அதைக் கேட்டிருப்பார்.

கொஞ்ச நாள் அவர் கத்திப் பார்த்தார். பிறகு அழுது பார்த்தார். பிறகு பேசாமல் இருந்துவிட்டார். ஹோட்டல் அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலை எங்கோ கிடைத்தது. குடியையும் விட்டுவிட்டார். நல்ல புருசன் என்று பிறத்தியார் சொல்லும்படி மாறினார். அக்கா அதற்காகவும் ஒரு தமிழ்ச் சொல் கொடுக்கவில்லை. முதலில் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. பிறகு அது பயமாக மாறியது எப்போது என்று தெரியாது. அவர்கள் இருவரும் குசினியில் இருந்தால் நான் அறைக்குள் போய்விடுவேன்.

தசாப்தம் முடியப்போகிற சமயம் தம்பி வந்தான். பாரிசில் யாரோ சொல்லி, அந்தக் குசினிக் கதை அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கொழுத்து, தொந்தி வைத்து, சிரித்த முகமாக வந்தான். அக்காவைக் கட்டிப்பிடித்து இருவரும் கனநேரம் அழுதார்கள். அத்தான் அறை வாசலில் நின்றார். பிறகு வந்து தம்பியின் இரண்டு கையையும் பிடித்து, "என்னை மன்னிச்சுக்கொள்ளடா," என்றார்.

"விடுங்கோ அத்தான். அது எப்பத்தைய கதை," என்றான் தம்பி. மெய்யாகவே சொன்னான். அவனுக்கு அங்கே வேலை இருந்தது, கலியாணம் பேசி முடிந்திருந்தது. அந்த இரண்டு நாளும் அவன் அத்தானோடு சீட்டு விளையாடினான். அத்தான் சிரித்ததை அன்றுதான் மறுபடி கண்டேன். அக்கா அவர்களுக்கு இறைச்சிக்கறியும் பிட்டும் வைத்தார். தம்பிக்கு, "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்றார். அத்தானிடம் திரும்பி, அதையே அந்த ஊர் மொழியில், ஸீ போட்டுக் கேட்டார். தம்பி சாப்பிட்ட கையை நிறுத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவனை ரயிலேற்ற அக்காவோடு நானும் போனேன். அத்தான் வரவில்லை; தானும் வரட்டோ என்று அவர் தமிழில் கேட்டபோது அக்கா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். ரயில் நிலையத்தில் தம்பி சொன்னான். "அக்கா, அந்த மனுசனை இனி விடு. பாவம். என்ரை பேர் எப்பவோ நல்லாப் போச்சு. எனக்குக் கோபம் இல்லை."

"உனக்கு இல்லாட்டில் நல்லது."

"எனக்குச் செய்ததுக்குத்தானே நீ இவ்வளவும். நானே விட்டிட்டன் எண்டு சொல்லுறன்."

அக்கா அவனுடைய ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். "நீ விடலாம்," என்றார். "உனக்கு வேலைதான் போனது. என்னைக்கொண்டு உன்னைக் காட்டிக்குடுக்க வைச்சவர் அவர். என்ரை வாயாலை. அதை நீ எப்பிடி மன்னிக்கிறது?"

ரயில் வந்துவிட்டது. தம்பி ஏறி, ஜன்னலில் நின்று கையை ஆட்டினான். அக்காவும் ஆட்டினார். திரும்பி நடக்கும்போது, பிட்டு மிஞ்சியிருக்கு, இரவைக்கு அதைக் கொத்துவம் என்றார் என்னிடம். நல்ல தமிழில், நல்ல அன்பாக.

வீட்டுக்கு வந்தோம். எங்கள் காலடி கேட்டு அத்தான் முன்னதாகவே வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றார். தம்பி ஏதாவது சொல்லியிருப்பான், இனி ஏதாவது மாறும் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் இருந்தது.

"போயிட்டானோ?" என்று தமிழில் கேட்டார்.

அக்கா குளிர்ச்சட்டையைக் கழற்றி மாட்டினார். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, கதவு திறந்துவிட்ட ஒரு ஹோட்டல் வேலைக்காரனுக்குச் சொல்வதுபோல, அந்த ஊர் மொழியில் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.